புழு மனையும் மேல்தொட்டியும் இருக்கிற வீட்டில் ராஸ்பெர்ரி பை

கோபிச்செட்டிபாளையம் பக்கத்திலிருந்து ஓர் அண்ணன் கேட்டிருக்கிறார். மைத்துனர் ராஸ்பெர்ரி பை 4 என்ற சின்னக் கணினிப் பலகை ஒன்றை வாங்கிக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். மகள் ஒன்பதாம் வகுப்பு. வீட்டில் யாருக்கும் எலக்ட்ரானிக்ஸ் தெரியாது. தோட்டத்தில் பட்டுப்புழு மனை, வீட்டு மேலே தண்ணீர்த் தொட்டி, கிணற்றில் 5 எச்.பி. மோட்டார். எதில் தொடங்குவது, நாற்பது சென்சார் அடைத்த கிட் வாங்கலாமா, மோட்டாரை போனிலேயே போட்டு அணைக்க முடியுமா என்பது கேள்வி.

மோட்டாரை முதலில் முடித்துவிடுகிறேன் அண்ணா, ஏனென்றால் அதில் எனக்குப் பயம் இருக்கிறது. கடையில் நீலப் பெட்டி வைத்த ரிலே மாட்யூல் கிடைக்கும், பலகை சொன்னபடி போட்டு அணைக்கிற ஸ்விட்ச் அது. மேலே 10 ஆம்பியர், 250 வோல்ட் என்று எழுதியிருக்கும். உங்கள் மோட்டார் ஓடும்போது ஏழெட்டு ஆம்பியர்தான் இழுக்கும் என்பதால் சரியாக இருக்கும் போலத் தோன்றும். ஆனால் கிளம்பும் நொடியில் அது ஐந்தாறு மடங்கு இழுக்கும், அதுவும் 415 வோல்ட் மூன்று ஃபேஸ் லைனில். அந்தச் சின்ன ரிலேயின் முனைகள் சூட்டில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். ஒட்டிவிட்டால் நீங்கள் போனில் எத்தனை முறை அணைத்தாலும் மோட்டார் நிற்காது. ஒரு ஃபேஸ் போய்விட்டால் மோட்டாரைக் காப்பாற்றவும் அதற்குத் தெரியாது. போனில் போடுகிற ஸ்டார்ட்டர் தயாராகவே விற்கிறது. ஃபேஸ் போனாலும் கிணற்றில் தண்ணீர் வற்றினாலும் அணைத்துக்கொள்ளும் வசதி உள்ளதாகப் பார்த்து வாங்கி, எலக்ட்ரீசியனை வைத்து மாட்டுங்கள். அம்மணி கையில் இருக்கிற பலகைக்கும் ஸ்டார்ட்டர் பெட்டிக்கும் நடுவே ஒரு வயர்கூட ஓடக்கூடாது. பையின் வேலை பார்ப்பதும் சொல்வதும். போடுவதும் அணைப்பதும் நம் கை.

இதைச் சொன்னதும் சுவாரசியம் போய்விட்டது என்று நினைக்க வேண்டாம். 1937-ல் ஜி.டி.நாயுடுவும் பாலசுந்தரம் நாயுடுவும் கோவையில் மோட்டார் செய்த காலத்திலிருந்து நம் ஆட்களுக்கு மோட்டாரின் சத்தம் பழக்கம். கிணற்றில் தண்ணீர் இறங்கிவிட்டதைக் கட்டிலில் படுத்தபடியே சத்தத்தை வைத்துச் சொல்லும் பெரியவர்கள் இருக்கிறார்கள். பார்ப்பதும் கேட்பதும் சின்ன வேலை இல்லை. அதையே ஒரு பலகைக்குச் சொல்லிக்கொடுக்கப் போகிறோம்.

கிட் வேண்டாம். அதில் இருக்கிற பாதி சென்சார்களை ஒரு நாள் மாட்டிப் பார்த்துவிட்டு டப்பாவில் போட்டு மூடிவிடுவோம். பல சென்சார்கள் பைக்கு நேராகப் பொருந்தவும் செய்யாது. மண் ஈரம் பார்க்கும் சென்சார் போல ஏறி இறங்கும் வோல்டேஜைக் கொடுப்பவற்றைப் படிக்கப் பையில் வழியே இல்லை, நடுவே இன்னொரு சிப் வேண்டும். ஈரோட்டிலோ கோவையிலோ உதிரிபாகக் கடைக்குப் போய்ச் சில்லறையாக வாங்குங்கள்: சால்டர் வைக்காமல் வயரைச் சொருகிப் பார்க்கும் பிரெட்போர்டு ஒன்று, ஒரு பக்கம் ஊசியும் மறுபக்கம் துளையுமாக உள்ள ஜம்பர் வயர், ஐந்து எல்.இ.டி., 330 ஓம்ஸ், 1கே, 4.7கே ரெசிஸ்டர்கள் கால் வாட்டில் சில, இரண்டு புஷ் பட்டன், பிசி 547 டிரான்சிஸ்டர் மூன்று, 5 வோல்ட் பஸ்ஸர் ஒன்று, சின்ன மிதவை ஸ்விட்ச் ஒன்று, ஸ்டீல் முனை வைத்த டிஎஸ்18பி20 வெப்பச் சென்சார் இரண்டு. அப்புறம் ஒரு மல்டிமீட்டர். விலை குறைந்ததே போதும், ஆனால் வயர் தொடர்ந்திருந்தால் பீப் என்று கத்தும் வசதி அதில் இருக்க வேண்டும். பிழை தேடுவதில் பாதி வேலையை அந்தப் பீப்தான் செய்யும்.

பை 4-க்கு 5 வோல்ட், 3 ஆம்பியர் அடாப்டர் வேண்டும். கிடைத்த போன் சார்ஜரைச் சொருகினால் பலகை எழுந்திருக்கும், ஆனால் திரையின் மூலையில் மின்னல் அடையாளம் வந்து வந்து போகும். வோல்டேஜ் பற்றவில்லை என்று பொருள். அதோடு ஓட்டினால் காரணமே தெரியாமல் நின்று நின்று போகும், நீங்கள் புரோகிராமில் பிழை தேடிக்கொண்டிருப்பீர்கள்.

பயத்தைப் பற்றி ஒரு வார்த்தை. 2012 பிப்ரவரி 29-ல் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜிலிருந்து 35 டாலர் விலையில் இந்தப் பலகை வந்ததே பிள்ளைகள் பயமில்லாமல் நோண்டிப் பழகட்டும் என்றுதான். மென்பொருளில் அம்மணி எதைக் கெடுத்தாலும் மெமரி கார்டை அழித்து மறுபடி எழுதினால் புதிது போல எழுந்துவிடும். ஆனால் பலகையில் வயர் மாட்டுகிற ஊசிகள், அதாவது பின்கள், அப்படி இல்லை. அவற்றின் அளவு 3.3 வோல்ட். அதற்கு மேல் 5 வோல்ட் போனால் அந்தப் பின் போய்விடும், சில சமயம் பலகையே போய்விடும். ஆகவே ஒரே ஒரு கண்டிப்பு: வயர் மாற்றும்போது பவர் அணைந்திருக்க வேண்டும். மாற்றி முடித்து, இன்னொருவர் எண்ணிப் பார்த்த பிறகுதான் போட வேண்டும். அந்த இன்னொருவர் நீங்களாக இருங்கள். உங்களுக்கு எலக்ட்ரானிக்ஸ் தெரிய வேண்டியதில்லை, எண்ணத் தெரிந்தால் போதும்.

முதல் நாள் எல்.இ.டி. எல்லோரும் சொல்வதுதான், ஆனால் அவசரமாகத் தாண்டாதீர்கள். பலகையின் ஓரத்தில் இரண்டு வரிசையாக நாற்பது ஊசிகள். யூஎஸ்பி சாக்கெட்டுகள் இருக்கும் பக்கத்துக்கு எதிர் முனையிலிருந்து எண்ண வேண்டும். உள்வரிசையில் 1, 3, 5; வெளிவரிசையில் 2, 4, 6. ஆறாவது ஊசி கிரவுண்டு, மின்சாரம் திரும்பி வரும் வழி. பதினொன்றாவது ஊசிக்கு மென்பொருளில் பெயர் 17. எண்ணினால் ஒன்று, பெயர் வேறொன்று. புதிதாக வருகிறவர்கள் அதிகம் தடுமாறுவது இங்கேதான். பையில் கட்டளை அடிக்கும் ஜன்னலான டெர்மினலில் பின்அவுட் என்று ஆங்கிலத்தில் அடித்தால் படமே வரும். அதைப் பார்த்து அம்மணி ஒரு அட்டையில் வரைந்து சுவரில் ஒட்டட்டும்.

பதினொன்றிலிருந்து ஒரு வயர் பிரெட்போர்டுக்கு. அங்கே 330 ஓம்ஸ் ரெசிஸ்டர்: ஆரஞ்சு, ஆரஞ்சு, பழுப்பு, கடைசியில் தங்கக் கோடு. அதன் மறுமுனையில் எல்.இ.டி.யின் நீளமான கால். குட்டைக் கால் கிரவுண்டுக்கு. ரெசிஸ்டர் எதற்கு என்று அம்மணி கட்டாயம் கேட்க வேண்டும். சிவப்பு எல்.இ.டி. சுமார் 2 வோல்ட்டை எடுத்துக்கொள்ளும். 3.3-ல் மிச்சம் 1.3. அதை 330-ஆல் வகுத்தால் 4 மில்லி ஆம்பியர். ஒரு பின் தாங்குவது சுமார் 16. ரெசிஸ்டர் இல்லையென்றால் அந்த வரம்பைத் தாண்டிப் போய்விடும். பத்தாம் வகுப்பில் வரப்போகிற ஓம் விதியை ஒரு வருடம் முன்பே கையில் பிடித்துப் பார்த்ததாக இருக்கட்டும்.

புரோகிராமுக்கு பைத்தான் மொழி, ஜிபிஐஓ ஜீரோ என்ற நூலகம், அதாவது பின்களை இயக்க ஏற்கெனவே எழுதிவைத்த புரோகிராம் தொகுப்பு. ஐந்து வரிதான். அதில் ஒரு சந்தோஷமான விஷயம்: பைத்தானில் பெயர்களைத் தமிழிலேயே வைக்கலாம். விளக்கு, மிதவை, மணி என்று அம்மணி வைக்கிற பெயரை அது அப்படியே ஏற்றுக்கொள்ளும். கட்டளைச் சொற்கள் மட்டும் ஆங்கிலத்தில் இருக்கும். என்னிடம் பழக வந்த பிள்ளைகளில் இப்படிப் பெயர் வைத்தவர்களுக்கு எது கட்டளை, எது நாம் வைத்த பெயர் என்ற குழப்பம் வரவே இல்லை.

இரண்டாம் நாள் புஷ் பட்டன். ஒரு கால் பின்னுக்கு, இன்னொரு கால் கிரவுண்டுக்கு. அழுத்தினால் விளக்கு எரிய வேண்டும். இது முடிந்ததும் மிதவை ஸ்விட்சை எடுத்து, பட்டன் இருந்த இடத்தில் அதன் இரண்டு வயரை மாட்டச் சொல்லுங்கள். ஒரு சொம்புத் தண்ணீரில் மிதவையை இறக்கி ஏற்றினால் விளக்கு எரிந்து அணையும். புரோகிராமில் ஓர் எழுத்து மாறவில்லை. பைக்கு அது பட்டனா மிதவையா என்று தெரியாது, இரண்டு வயர் சேர்ந்திருக்கிறதா பிரிந்திருக்கிறதா என்பது மட்டும்தான் தெரியும். கதவு திறந்தால் சொல்கிற காந்த ஸ்விட்சும் இதே கதைதான். இது புரிந்த நிமிடத்தில் பிள்ளை வீட்டைச் சுற்றிப் பார்க்கத் தொடங்கிவிடும்.

இப்போது தொட்டி மணி. பஸ்ஸரை நேராகப் பின்னில் மாட்ட வேண்டாம், அது இழுப்பது பின்னின் அளவுக்கு மேல் போகலாம். நடுவே பிசி 547. தட்டையான முகம் உங்களைப் பார்க்கும்படி பிடித்தால் அதன் மூன்று கால்கள் இடமிருந்து கலெக்டர், பேஸ், எமிட்டர். பின்னிலிருந்து 1கே வழியாக பேஸுக்கு, எமிட்டர் கிரவுண்டுக்கு, பஸ்ஸரின் மைனஸ் கலெக்டரில், பிளஸ் 5 வோல்ட் ஊசியில். மடை திருப்புவது மாதிரிதான். சின்னக் கை அசைவு, பெரிய நீரோட்டம்.

மிதவையை எந்தப் பக்கம் மாட்டுவது என்பதில்தான் அனுபவம் இருக்கிறது. அந்தச் சின்ன மிதவையைக் கழற்றித் தலைகீழாகப் போட்டால் அதன் வேலையும் தலைகீழாகும். தொட்டி நிறையாதவரை வயர்கள் சேர்ந்திருக்க வேண்டும், நிறைந்ததும் பிரிய வேண்டும். பிரிந்தால் மணி. அப்படி வைத்தால் நடுவழியில் எலி வயரைக் கடித்தாலும் மணி அடிக்கும், உடனே தெரிந்துவிடும். மாறாக, சேர்ந்தால் மணி என்று வைத்தால், வயர் அறுந்த விஷயம் தொட்டி வழிந்து சுவரெல்லாம் நனைந்த பிறகுதான் தெரியும்.

மேஜையில் நன்றாக ஓடியது மாடிக்குப் போனதும் தன்னால் அடிக்கும். பயப்பட வேண்டாம், இரண்டு காரணம். ஒன்று, தண்ணீர் விழும் வேகத்தில் மிதவை ஆடும். மூன்று நொடி தொடர்ந்து மேலே இருந்தால்தான் நிறைந்ததாகக் கொள்ளும்படி புரோகிராமில் சொல்லிவிடலாம். இன்னொன்று, ஐம்பது அறுபது அடி வயர் ஒரு ஏரியல் மாதிரி. மோட்டார் கிளம்பும்போது அதில் இரைச்சல் ஏறும். மோட்டார் வயரோடு சேர்த்துக் கட்டாமல் தனி வழியில் கொண்டுபோங்கள். வயர் பிரிந்திருக்கும்போது பின்னை 3.3 வோல்ட்டில் பிடித்துவைக்க பைக்கு உள்ளேயே இருக்கும் இழுப்பு பலவீனமானது, 3.3 வோல்ட்டிலிருந்து அந்தப் பின்னுக்கு வெளியே ஒரு 1கே போட்டால் திடமாகிவிடும். மாடியிலிருந்து வரும் வயர் என்பதால் பிசி 817 என்ற ஆப்டோகப்ளர் ஒன்றை நடுவே வைப்பதும் நல்லது. அதற்குள் செய்தி வெளிச்சமாகத் தாண்டிப் போகும். நேரடி இடியை எதுவும் தாங்காது. கோடை மழைக்கு வானம் கறுத்தால் வயரைக் கழற்றிவிடுங்கள்.

தொட்டிக்கு அல்ட்ராசோனிக் சென்சார் வைக்கலாமே என்று பலரும் சொல்வார்கள். நானும் அதில்தான் தொடங்கினேன். அந்த சென்சார் 5 வோல்ட்டில் ஓடும், எதிரொலி வந்ததைச் சொல்லும் அதன் எக்கோ வயரும் 5 வோல்ட்டையே திருப்பிக் கொடுக்கும். அது தெரியாமல் நேராக மாட்டி ஒரு பின்னை இழந்தேன். 1கே, 2கே இரண்டையும் தொடராகப் போட்டு நடுவிலிருந்து எடுத்தால் ஐந்தில் மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 3.3 மட்டும் வரும். அதைச் சரிசெய்த பிறகும் மூடிய தொட்டிக்குள் சென்சார் முகத்தில் நீர் கோத்து ஒரு மாதத்தில் உளறத் தொடங்கியது. எத்தனை அடி தண்ணீர் இருக்கிறது என்று தெரிந்தே ஆக வேண்டும் என்றால் பிற்பாடு பார்க்கலாம். நிறைந்ததா என்பதற்கு மிதவை போதும்.

இனி புழு மனை. உங்கள் வீட்டில் இதுதான் நல்ல வாய்ப்பு. இளம்புழுவுக்கு 27, 28 டிகிரியும் 85 விழுக்காடு ஈரப்பதமும் வேண்டும், ஐந்தாம் பருவத்தில் 24 டிகிரி, 70 விழுக்காடு போதும் என்பதை நீங்கள் எனக்குச் சொல்லித்தருவீர்கள். மனைச் சுவரில் உலர் குமிழ், ஈரக் குமிழ் என்று இரட்டை வெப்பமானி தொங்கும் அல்லவா? அதையே செய்யலாம். வாங்கிய இரண்டு டிஎஸ்18பி20-ல் ஒன்று சும்மா தொங்கட்டும். இன்னொன்றின் ஸ்டீல் முனையில் சுத்தமான பருத்தித் திரியைச் சுற்றி, திரியின் நுனி ஒரு சின்னப் பாட்டில் தண்ணீரில் இருக்கட்டும். ஈரம் ஆவியாகும் அளவுக்கு அந்த முனை குளிரும். 26 டிகிரியில் இரண்டுக்கும் வித்தியாசம் 2 என்றால் ஈரப்பதம் சுமார் 85. வித்தியாசம் 4 என்றால் சுமார் 70. ஈரப்பதத்தை நேரடியாகப் படிக்கும் டிஹெச்டி22 போன்ற சென்சார்களும் உண்டு, ஆனால் படுக்கையில் சுண்ணாம்புத் தூள் தூவும் இடத்தில் அவற்றின் துளைகள் அடைபடும். ஸ்டீல் முனையைத் துடைத்துவிட்டால் முடிந்தது. திரிக்கு போர் தண்ணீர் வேண்டாம். உப்பு படிந்து திரி விறைத்துவிட்டால் தண்ணீர் ஏறாது, கணக்கு பொய்யாகும். மழைத் தண்ணீர் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு சென்சாரும் ஒரே வயரில் மாட்டலாம், ஒவ்வொன்றுக்கும் பிறவியிலேயே தனி எண் உண்டு. சிவப்பு 3.3 வோல்ட்டுக்கு, கறுப்பு கிரவுண்டுக்கு, மஞ்சள் ஏழாவது ஊசிக்கு. மஞ்சளுக்கும் சிவப்புக்கும் நடுவே ஒரே ஒரு 4.7கே. பையின் அமைப்பில் ஒன்-வயர் என்பதை, அதாவது இப்படி ஒரே வயரில் சென்சார்களைப் படிக்கும் வசதியை, இயக்கிவிட்டு மறுபடி எழுப்பினால், 28 என்று தொடங்கும் இரண்டு ஃபோல்டர்கள் முளைத்திருக்கும். உள்ளே இருக்கும் கோப்பைத் திறந்தால் கடைசியில் 26312 போல ஓர் எண். ஆயிரத்தால் வகுத்தால் 26.312 டிகிரி. முனையைக் கையில் பொத்திக்கொண்டு மறுபடி திறந்தால் எண் ஏறியிருக்கும். எத்தனையோ பிள்ளைகளோடு இதைச் செய்திருக்கிறேன், அந்த எண் ஏறுவதைப் பார்க்கும் முகத்துக்காகவே மறுபடியும் செய்வேன். சரியாக 85000 என்று வந்தால் மட்டும் நம்ப வேண்டாம். அளந்து முடிப்பதற்கு முன் அந்த சென்சார் வைத்திருக்கும் தொடக்க எண் அது. வயர் இளகியிருக்கலாம்.

மாட்டுவதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. இதைத் தவறவிட்டால் மற்றதெல்லாம் வீண். ஒரு டம்ளரில் நொறுக்கிய ஐஸும் கொஞ்சம் தண்ணீரும் போட்டு இரண்டு முனைகளையும் இறக்கிக் கலக்கச் சொல்லுங்கள். இரண்டும் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும். ஒன்று 0.4, இன்னொன்று மைனஸ் 0.2 என்று நின்றால் தப்பில்லை, அரை டிகிரி முன்பின் அதன் இயல்பு. ஆனால் அந்த 0.6-ஐ எழுதிவைத்துக் கணக்கில் கழிக்க வேண்டும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தில் 1 டிகிரி பிசகினால் ஈரப்பதம் ஏழு விழுக்காடு தப்பும், நீங்கள் தேவையில்லாமல் மனையில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருப்பீர்கள். போலி சென்சார்களும் சந்தையில் உண்டு, பல டிகிரி தள்ளி நின்றால் மாற்றிவிடுங்கள்.

ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை நேரம், உலர், ஈரம் மூன்றையும் ஒரு கோப்பில் எழுதினால் போதும். ராத்திரி இரண்டு மணிக்கு மனை எவ்வளவு குளிர்கிறது, மதியம் எந்தப் பக்கம் சூடாகிறது என்பது ஒரு வாரத்தில் தெரிந்துவிடும். வரைபடம், போனுக்குச் செய்தி அனுப்புவதெல்லாம் அதன்மேல் கட்டுகிற மாடி.

கரண்ட் விஷயம். எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் மெமரி கார்டு கெடலாம். முறைப்படி அணைத்துவிட்டுத்தான் பிளக்கைப் பிடுங்க வேண்டும். மனை போல நாள் முழுக்க ஓடும் இடத்தில் யுபிஎஸ்ஸில் போடுங்கள். பை 4 சும்மா இருக்கும்போது சுமார் 3 வாட்தான் எடுக்கும், சின்னதே தாங்கும். பை 4-க்குச் சொந்தக் கடிகாரம் கிடையாது என்பதையும் நினைவில் வையுங்கள். நெட் இல்லாமல் எழுந்தால் தப்பான நேரத்தை எழுதும். டிஎஸ்3231 என்ற கடிகார மாட்யூல் அதற்கு மருந்து.

பிரெட்போர்டு மேஜைக்கு மட்டும். மனையிலும் மாடியிலும் அதன் பிடி சில வாரங்களில் தளர்ந்துவிடும். வேலை செய்கிறது என்று உறுதியானதும் துளைகள் வைத்த டாட் போர்டில் சால்டர் வையுங்கள். 25 வாட் சால்டரிங் அயர்ன், ஜன்னலோரம், முடித்ததும் கை கழுவ வேண்டும். முதல் இருபது முனைகள் உருண்டை உருண்டையாக வரும். அது பழகுவதற்கே, அதனால் பழைய ரேடியோப் பலகை ஒன்றில் தொடங்கட்டும்.

தொட்டி மணியும் மனை அளவையும் நிலையாக ஓடத் தொடங்கியதும் மனையில் இருப்பதை பிகோ டபிள்யூவுக்கு மாற்றலாம். அதே நிறுவனம் 2022-ல் வெளியிட்ட கட்டைவிரல் நீளப் பலகை, 6 டாலர். மெமரி கார்டே கிடையாது, கரண்ட் போய் வந்தால் அதில் வைத்த புரோகிராம் தானாகவே முதலிலிருந்து தொடங்கும். பை 4 மறுபடி அம்மணியின் மேஜைக்கு வந்துவிடும்.

தொட்டி மணியை இந்த வாரமே தொடங்கலாம். மனைக்கு மட்டும் இந்த ஈடு புழு கூடு கட்டி முடியட்டும். அறுவடை முடிந்து கழுவி, பிளீச்சிங் பவுடர் மருந்து அடிக்கும்போது சென்சார் உள்ளே இருக்கக்கூடாது. வாடை போன பிறகு, தட்டுகளின் உயரத்தில், கதவுக்கு நேராக இல்லாமல் தொங்கவிடுங்கள். பழைய வெப்பமானியைக் கழற்றாதீர்கள். அடுத்த ஈடு முழுவதும் காலை ஆறு மணிக்கும் பொழுது சாயும்போதும் இரண்டையும் பார்த்து ஒரே நோட்டில் பக்கம் பக்கமாக அம்மணி எழுதட்டும். ஒத்துப்போகாத நாள் வந்தால் அந்தப் பக்கத்தைப் படம் பிடித்து அனுப்புங்கள், திரியா வயரா என்று சேர்ந்து பார்ப்போம்.